படித்தால் புரியும் முகவரி

அச்சிட்ட நூலொன்றின் அடிக்குறிப்பில் காணப்படும் இணைய முகவரியை, எழுத்தெழுத்தாகப் பார்த்து நீங்கள் கைபேசியில் தட்டிப் பார்த்ததுண்டா? ஒரு கேள்விக்குறி, மூன்று சமக்குறிகள், இரண்டு அடிக்கோடுகள், 'ஒன்று' என்னும் எண்ணா 'எல்' என்னும் எழுத்தா என்று விளங்காத ஒரு நேர்கோடு. இத்தனையையும் பிழையின்றித் தட்டி முடித்த பிறகு, 'நீங்கள் தேடிய பக்கம் இல்லை' என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. பக்கம் அழிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பல வேளைகளில் அது அதே தளத்தில், வேறொரு முகவரியில், பத்திரமாகவே இருக்கிறது.

இது சிறிய தொல்லை அன்று. அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு மையம் 2024-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குப் பின் எவருக்கும் எட்டாதவையாகிவிட்டன என்பது அதன் முடிவு. அச்சிட்ட நூலுக்கு இப்படி ஒரு கதி நேர்ந்தால் நாம் பதறிப்போவோம்.

முகவரியை நீண்டநாள் நிலைக்கும்படியும், படித்தவுடன் புரியும்படியும் அமைக்க முடியும். அதற்கான வழியை வலைத்தள மென்பொருள்கள் கைவசம் வைத்திருக்கின்றன. அவ்வழி எவ்வாறு இயங்குகிறது, தமிழ் முகவரி என்று வரும்போது எங்கே இடறுகிறது என்பதைப் பார்ப்போம். நிரல் எழுதிப் பழகாதவர்களும் இதைப் பின்தொடரலாம். பத்தாம் வகுப்பில் படித்த 'சார்பு' என்னும் கணிதக் கருத்து நினைவிருந்தால் போதும்.

முகவரியின் உறுப்புகள்

கீழ்க்காணும் முகவரியை எடுத்துக்கொள்வோம்.

உதாரணம்.பரிட்சை/கட்டுரை/2024/வால்மீன்

(இணையத் தளப்பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு, 2007-இல் 11 மொழிகளில் சோதனை முகவரிகளை ஏற்படுத்தியது. அப்போது தமிழுக்கு வைத்த பெயர்தான் 'உதாரணம்.பரிட்சை'. சோதனை முடிந்து அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே நாம் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.)

முதற் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளது தளப்பெயர். இது எந்தக் கணிப்பொறியை அணுக வேண்டும் என்பதைக் கூறுகிறது. நம் அஞ்சல் முகவரியைப் போலவே இதிலும் சிறியது முன்னும் பெரியது பின்னுமாக நிற்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளது பாதை. இங்கே வரிசை தலைகீழாகிவிடுகிறது. பெரிய பிரிவு முதலிலும், அதனுள் அடங்கிய சிறியது அடுத்தும் வருகின்றன. ஒரே முகவரிக்குள் எதிரெதிர்த் திசையில் இரண்டு வரிசைகள்! உலகளாவிய வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியின் தொடக்கத்தில் நாமெல்லாம் தட்டிச் சலித்த அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாதது என்று 2009-இல் ஒப்புக்கொண்டார். இந்த எதிர்வரிசையைப் பற்றியும் அவரை ஒரு வார்த்தை கேட்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது பாதையைத்தான். தளப்பெயர் உலகுக்குப் பொதுவானது. பதிவு செய்துதான் பெற வேண்டும். பாதையோ அந்தந்தத் தளத்தின் சொந்தச் சொத்து. அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதை அத்தளத்தின் கணிப்பொறி தானே முடிவு செய்துகொள்ளலாம். பாதைக்குப் பின் கேள்விக்குறி வந்தால், அதனைத் தொடர்வது தேடுசொல் போன்ற கூடுதல் விவரம் ஆகும்.

கோப்பின் இடமே முகவரியாக

இயற்பியல் மாணவர்களுக்கு செர்ன் ஆய்வகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜெனிவா அருகிலுள்ள அந்தத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில்தான், 1989-இல் பெர்னர்ஸ்-லீ தம் திட்டத்தை முன்வைத்தார். அங்கே தோன்றிய முதல் வலைப்பக்கத்தின் பாதை, 'ஹைபர்டெக்ஸ்ட்' என்னும் உறைக்குள், 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்னும் உறைக்குள், 'திபிராஜெக்ட்' என்னும் கோப்பு என்று அமைந்திருந்தது. அஃதாவது, வட்டில் கோப்பு எங்கே கிடந்ததோ, அந்த இடமே முகவரி.

தொடக்கத்தில் இது எளிய ஏற்பாடாக இருந்தது. ஆனால் அலமாரியில் நூல் இருக்கும் இடத்தையே நூலின் பெயராக வைத்துவிட்டால் என்ன ஆகும்? அலமாரியை மாற்றும் நாளில் எல்லா நூல்களின் பெயர்களும் மாறிப்போகும். வலைத்தளங்களுக்கு இதுதான் நேர்ந்தது. பின்னாளில் கோப்புகளுக்குப் பதிலாக நிரல்களே பக்கங்களை அவ்வப்போது ஆக்கித் தரும் முறை வந்தபோது, நிலைமை இன்னும் மோசமாயிற்று. வால்மீன் பற்றிய கட்டுரையின் முகவரி இப்படி ஆனது:

உதாரணம்.பரிட்சை/இண்டெக்ஸ்.பிஎச்பி?ஆப்ஷன்=கண்டென்ட்&ஐடி=4187&ஐடெம்=62

இதில் கட்டுரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எந்த மொழியில் நிரல் எழுதினார்கள், தரவுகளின் அட்டவணையில் கட்டுரை எத்தனையாவது வரிசை என்பவைதாம் இருக்கின்றன. அவை வாசகருக்கு எதற்கு? நாளை அத்தளத்தார் வேறு மென்பொருளுக்கு மாறினால் இந்த முகவரி செத்துவிடும்.

1998-இல் பெர்னர்ஸ்-லீ இதுபற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நல்ல முகவரி மாறுவதில்லை என்பது அதன் சாரம். முகவரியில் இடம்பெறக் கூடாதவை என்று அவர் தந்த பட்டியலில் எழுதியவர் பெயர், கோப்பின் வகையைக் காட்டும் வால், மென்பொருளின் பெயர், வட்டின் பெயர் ஆகியன உண்டு. இவையெல்லாம் காலப்போக்கில் மாறக்கூடியவை என்பதே காரணம். அதற்கு முன்பே, 1996-இல், ரால்ஃப் எங்கல்ஷால் என்பவர் அப்பாச்சி என்னும் வலை வழங்கி மென்பொருளுக்கு ஒரு துணைக்கூறு எழுதியிருந்தார். வெளியிலிருந்து வரும் அழகிய முகவரியை, உள்ளே இருக்கும் கரடுமுரடான முகவரியாக மாற்றித் தரும் வேலையை அது செய்தது. பெயரையும் இடத்தையும் பிரிக்கலாம் என்பது இதனால் நடைமுறைக்கு வந்தது.

பட்டியல் பார்க்கும் எழுத்தர்

இன்று வலைத்தளங்களைக் கட்டுவோர் ஒவ்வொரு செங்கல்லையும் தாமே சுடுவதில்லை. சட்டகம் எனப்படும் ஆயத்த மென்பொருளின் மேல் கட்டுகின்றனர். அத்தகைய சட்டகங்களுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-இல் அட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் தொடங்கிய பணி அது. 2005-இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிடார்க் கலைஞரின் பெயரை அதற்குச் சூட்டினர். செய்தித்தாளில் பிறந்ததால், ஆண்டு, திங்கள், தலைப்பு என்று முகவரி அமைப்பது அதற்கு இயல்பாகவே வரும்.

இச்சட்டகத்தில் முகவரிகளுக்கென்றே தனியாக ஒரு கோப்பு உண்டு. அதில் இருப்பது ஒரு பட்டியல். உண்மை நிரலில் ஆங்கிலத்தில் வருவதை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

கட்டுரை/2003/ → சிறப்பிதழைக் காட்டு
கட்டுரை/<முழுஎண்: ஆண்டு>/ → ஆண்டுப் பட்டியலைக் காட்டு
கட்டுரை/<முழுஎண்: ஆண்டு>/<சொல்: தலைப்பு>/ → கட்டுரையைக் காட்டு

அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். முகவரி வந்ததும் அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடுகிறார். அதற்குக் கீழே இன்னும் நன்றாகப் பொருந்தும் வரி இருந்தாலும் பார்ப்பதில்லை. ஆகவே தனிச்சிறப்பானது மேலேயும் பொதுவானது கீழேயும் இருக்க வேண்டும். மேலே காட்டிய முதலிரண்டு வரிகளை இடம் மாற்றிவிட்டால், 2003-ஆம் ஆண்டுச் சிறப்பிதழ் ஒருபோதும் திறக்காது. 2003-உம் ஒரு முழு எண்தானே! அந்தப் பொது வரி அதை முன்பே விழுங்கிவிடும். எந்த வரியும் பொருந்தவில்லை என்றால், '404' என்னும் எண்ணுடன் 'இல்லை' என்ற பதில் போகும்.

கோண அடைப்புக்குள் இருப்பவை மாற்றிகள். 'முழுஎண்' என்னும் மாற்றி 2024 என்ற நான்கு குறிகளைச் சரிபார்த்து, கூட்டவும் கழிக்கவும் ஏற்ற எண்ணாக மாற்றி நிரலிடம் ஒப்படைக்கிறது. அங்கே 'அகஅ' என்று யாராவது எழுதினால் வரி பொருந்தாது, நிரலும் குழம்பாது.

ஆனால் இந்தச் சோதனையைக் காவல் என்று எண்ணிவிடக் கூடாது. 'மதிப்பெண்/101/' என்பது உங்கள் மதிப்பெண் பக்கமானால், 102 என்று மாற்றித் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றும். 102 முழு எண்தான். பட்டியல் அதைத் தடுக்காது. கேட்பவர் யார், அவருக்கு அதைக் காண உரிமை உண்டா என்பதை நிரல் தனியே கேட்டாக வேண்டும். முகவரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பூட்டு ஆகாது.

நேர்மாறு சார்பு

இனி சார்புக்கு வருவோம். இந்தப் பட்டியல், முகவரிகளின் கணத்திலிருந்து செயல்களின் கணத்துக்குச் செல்லும் ஒரு சார்பு. ஒரு முகவரிக்கு ஒரே ஒரு விளைவு. இரண்டு முகவரிகள் ஒரே பக்கத்தைக் காட்டினாலும் பெருங்கேடு இல்லை.

எதிர்த் திசையிலும் வேலை இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் வால்மீன் கட்டுரைக்கு ஓர் இணைப்பு வைக்க வேண்டும் என்க. முகவரியைக் கையால் எழுதி வைத்தால், நாளை பாதையின் அமைப்பை மாற்றும்போது நூறு இடங்களில் திருத்த வேண்டிவரும். எனவே பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வைக்கிறார்கள். 'கட்டுரை என்ற பெயருள்ள வரி, ஆண்டு 2024, தலைப்பு வால்மீன். இதற்கு முகவரி என்ன?' என்று நிரல் கேட்கிறது. சட்டகம் பட்டியலைத் திருப்பிப் படித்து முகவரியைக் கட்டித் தருகிறது. கணிதத்தில் நாம் படித்த நேர்மாறு சார்பேதான் இது. 'கட்டுரை' என்பதைப் பட்டியலில் ஓர் இடத்தில் 'படைப்பு' என்று மாற்றினால், தளத்திலுள்ள அத்தனை இணைப்புகளும் தாமாக மாறிவிடும்.

நேர்மாறு கிடைக்க வேண்டுமானால் சார்பு ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில்தான் நன்றாகக் காணலாம்.

தமிழ்த் தலைப்பு படும் பாடு

முகவரியில் இடம்பெறும் தலைப்புச் சொல்லுக்கு 'ஸ்லக்' என்று பெயர். செய்தித்தாள் அலுவலகங்களில் ஒரு செய்திக்கு வைக்கும் சிறு அடையாளப் பெயரைக் குறிக்கும் சொல் அது. கட்டுரையின் முழுத் தலைப்பைக் கொடுத்தால், தேவையற்ற குறிகளை நீக்கி, இடைவெளிகளில் சிறுகோடிட்டு, ஸ்லக் செய்து தரும் கருவி ஜாங்கோவில் உண்டு. அதனிடம் 'தமிழ்' என்று கொடுத்துப் பாருங்கள். வெறுமைதான் திரும்பி வரும்! வழக்கமான நிலையில் அக்கருவி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே விட்டுவைத்து மற்றவற்றைக் கழித்துவிடுகிறது.

'யூனிகோடை அனுமதி' என்று ஒரு விசையும் அதில் இருக்கிறது. உலகமொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஏற்பாடே யூனிகோடு. அதில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு உரியவை. அந்த விசையைப் போட்டுவிட்டு மீண்டும் 'தமிழ்' என்று கொடுத்தால், இம்முறை வருவது 'தமழ'. 'புதுக்கோட்டை' என்று கொடுத்தால் 'பதககடட'!

ஏன் இப்படி? நம் இலக்கணத்தில் 'கா' என்பது ஓர் எழுத்து. யூனிகோடிலோ அது இரண்டு: 'க' என்னும் எழுத்தும், காலைக் குறிக்கும் சார்குறியும். கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாமே இவ்வாறு சார்குறிகளின் வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஜாங்கோ எழுதப்பட்டுள்ள பைதான் மொழியில், சொற்களைத் தேடும் கருவி எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. சார்குறிகளை நிறுத்தற்குறிகளோடு சேர்த்துத் துடைத்துவிடுகிறது. சார்குறிகளும் சொல்லின் பகுதியே என்பது யூனிகோடு அமைப்பின் பரிந்துரை. கருவி அதைப் பின்பற்றவில்லை.

அழகு கெட்டது மட்டுமல்ல இதன் விளைவு. கல், கால், கலை, காலை, கோலி ஆகிய ஐந்து தலைப்புகளையும் அக்கருவியிடம் கொடுத்தால், ஐந்துக்கும் 'கல' என்றே விடை வரும். பலவற்றுக்கு ஒன்றான சார்பு, நேர்மாறு கிடையாது. 'கல' என்னும் முகவரியைக் கேட்டு வருபவருக்கு எந்தக் கட்டுரையைக் கொடுப்பது? ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்த நிரலாளருக்கு இது கண்ணில் படவே படாது.

இதற்கு மாற்று உண்டு. ஜாங்கோவில் நாமே ஒரு மாற்றியை எழுதிச் சேர்க்கலாம். எந்தக் குறிகள் பொருந்தும், முகவரியிலிருந்து மதிப்பை எப்படி எடுப்பது, மதிப்பிலிருந்து முகவரியை எப்படிக் கட்டுவது என்னும் மூன்று விவரங்களைத் தந்தால் போதும். பொருந்தும் குறிகளில் தமிழுக்குரிய அந்த 128 இடங்களையும் சேர்த்துவிட வேண்டும். ஸ்லக் செய்யும் கருவிக்குப் பதிலாகவும், சார்குறிகளை விட்டுவைக்கும் சிறு நிரலை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்பதை, 'க' உடன் ஒற்றைச் சார்குறியாகவும் எழுதலாம். 'க', ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு சார்குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணிப்பொறிக்கு இரண்டும் வேறுவேறு முகவரிகள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த மறக்கக் கூடாது.

நாற்பத்தைந்து குறிகள்

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி ஒன்றை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பியவர்கள், அது சதவீதக் குறிகளின் கூட்டமாக மாறிப்போனதைக் கண்டிருப்பார்கள். அதன் கணக்கு எளியது. முகவரி கம்பியில் செல்லும்போது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே அனுமதி. பிற எழுத்துகளைப் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் பதினாறடி எண்முறையில் இரண்டு இலக்கங்களுமாக எழுத வேண்டும். 'த' என்பதன் யூனிகோடு எண் 2980. அது 224, 174, 164 என்னும் மூன்று பைட்டுகளாகி, %ஈ0%ஏஈ%ஏ4 என்று விரிகிறது. (பதினாறடி முறையில் ஏ என்பது பத்து, ஈ என்பது பதினான்கு.) ஓர் எழுத்துக்கு ஒன்பது குறிகள்! 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து, பைட்டுக் கணக்கில் பதினைந்து, முகவரியில் நாற்பத்தைந்து.

இதைக் காட்டி, 'தமிழ் முகவரியே வேண்டாம், ஆங்கில எழுத்தில் எழுதிவிடலாம்' என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள்; நகர னகர ணகரங்களோ ஒரே எழுத்தில் போய் ஒடுங்கிவிடுகின்றன. ஒன்றுக்கொன்றான சார்பு அங்கேயும் கெடுகிறது. எண்ணையும் பெயரையும் சேர்த்தே வைப்பது நல்ல வழி:

உதாரணம்.பரிட்சை/கட்டுரை/4187/வால்மீன்

பக்கத்தைக் கண்டுபிடிக்க நிரல் 4187-ஐ மட்டுமே பார்க்கும். தலைப்பு நமக்காக. தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தினாலும், பாதி வெட்டுப்பட்டு வந்தாலும், பக்கம் திறக்கும்.

பழைய முகவரியை என்ன செய்வது? சென்னையில் பல வீடுகளின் வாயிலில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். பட்டியலில் பழைய வரியை அழிக்காமல் வைத்து, அதற்கு '301' என்னும் எண்ணுடன் புதிய முகவரியைப் பதிலாகத் தரச் செய்யலாம். 'நிரந்தரமாக இடம் மாறியது' என்பது அவ்வெண்ணின் பொருள். உலாவி தானாகவே புதிய இடத்துக்குப் போய்விடும். வாசகருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

அச்சில் ஏறும் முகவரிக்கு இது மிகவும் தேவை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். என்னும் சதுரக் குறியீடுகள் இடம்பெற்றுள்ளன. இத்தகைய குறியீட்டுக்குள் முகவரியை அடைத்து அச்சிட்டுவிட்டால், பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முகவரி நீளும்போது கட்டங்களும் பெருகும். குறைந்த பிழைதிருத்த அளவில், 32 பைட்டு வரையுள்ள முகவரிக்கு ஒரு பக்கத்துக்கு 25 கட்டங்கள் போதும். 130 பைட்டு முகவரிக்கு 41 கட்டங்கள் வேண்டும். ஒரே அளவுச் சதுரத்தில் கட்டங்கள் பெருகினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். மை சற்றே பரவிய தாளில், மலிவான கைபேசி அதைப் படிக்கத் திணறும். 'வால்மீன்' என்னும் சொல் மட்டுமே 72 குறிகளாக விரியும் என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே குறியீட்டுக்குள் எண்ணோடு முடியும் குறு முகவரியை மட்டும் வைத்து, அதைத் தட்டியவரைத் தமிழ்ப் பெயருள்ள முழு முகவரிக்கு 301 வழியாக அனுப்பிவைப்பார்கள், விவரம் அறிந்த நிரலாளர்கள்.